கல்வியும் கருவியும்: படுவான்கரையிலிருந்து ஒரு நோக்கு

நம் ஆசிரியப் பெருமக்கள் கூடுகின்ற இடங்களிலெல்லாம் இக்காலத்தில் ஒரு தலைப்புத் தவறாது இடம்பெற்று வருகின்றது. 'தொழில்நுட்பமும் கல்வியின் நவீன சவால்களும்' என்பதே அது. சொற்கள் முன்பின்னாக மாறலாம்; பொருள் மாறுவதில்லை. வலயமட்டச் செயலமர்வுகளிலும் ஆசிரியர் தின மலர்களிலும் பத்திரிகைகளின் வாரப் பதிப்புக்களிலும் இத்தலைப்பின்கீழ் வெளிவருவன ஏராளம். அவற்றைத் தனித்தனியே எடுத்து மதிப்பிடுவது எமது நோக்கமன்று. ஆயின், காவியத்துக்கும் சிறுகதைக்கும் உருவ இலக்கணம் இருத்தல்போல, இக்கட்டுரை வகைக்கும் ஓர் உருவம் அமைந்துவிட்டது. அவ்வுருவத்துக்குள்ளே ஒரு கருத்துநிலை ஒளிந்திருக்கின்றது. அதனை ஆராய்தல் இலக்கியத் திறனாய்வுக்குப் புறம்பான வேலையன்று என்றே நாம் கருதுகிறோம்.

அக்கட்டுரைகள் 'உலகம் வெகுவேகமாக மாறி வருகின்றது' என்று தொடங்கும். அடுத்து, மாணவன் மாறிவிட்டான் என்று கூறும். பின்னர், ஆசிரியர் தம்மை மாற்றிக்கொள்ளல் வேண்டும் என்று அறிவுரை பகரும். இறுதியிலே, தொழில்நுட்பம் நல்ல வேலைக்காரன், கெட்ட எசமான் என்பதுபோன்ற ஒரு பழமொழியோடு முற்றுப்பெறும். இவற்றின் வாக்கிய அமைப்பைச் சற்றே கூர்ந்து நோக்குக. மாற்றங்கள் 'ஏற்பட்டு வருகின்றன', கருவிகள் 'அறிமுகப்படுத்தப்பட்டுள்ளன', சவால்கள் 'எழுந்துள்ளன'. எல்லாம் நிகழ்கின்றன, எதற்கும் எழுவாய் இல்லை. அறிமுகப்படுத்தியவர் யார், எவருடைய செலவில், எவருடைய இலாபத்துக்காக என்னும் வினாக்களுக்கு அவ்வாக்கியங்களிலே இடமே இல்லை. எழுவாயோடு தோன்றுகின்ற வாக்கியம் ஒன்றுதான்: 'ஆசிரியர் மாறவேண்டும்.' மழையும் வெயிலும் போலத் தொழில்நுட்பம் வானத்திலிருந்து இறங்குகின்றது. நனையாமல் இருக்கக் குடை வாங்குவது மட்டும் ஆசிரியரின் பொறுப்பு! இலக்கணப் பிழை எதுவும் இல்லாத இந்த உரைநடையிலே மறைந்திருக்கும் அரசியல் இதுதான்.

இதனை மேடையிலிருந்து நோக்காமல் ஓர் இடத்திலிருந்து நோக்குவோம். மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் அம்மக்கள் வழங்குவர். ஞாயிறு எழுகின்ற பக்கத்திலே நகரமும் பெரும் பாடசாலைகளும் அலுவலகங்களும். படுகின்ற பக்கத்திலே வயலும் மேய்ச்சற்றரையும் குளமும் காடும். படுவான்கரையின் வாயில் போன்றது வவுணதீவு. மண்முனை மேற்குப் பிரதேசம் என அரசாங்க ஏடுகள் அதனைக் குறிக்கும். விளாவட்டவான், கன்னன்குடா, கரவெட்டி, மகிழவெட்டுவான், ஆயித்தியமலை, உன்னிச்சை என விரிந்து செல்கின்ற இவ்வூர்களின் வாழ்வு வேளாண்மையிலும் கால்நடையிலும் வாவி மீனிலும் தங்கியிருப்பது. யானை வயலுக்குள் இறங்கும் இரவுகள் இங்கு அபூர்வமல்ல. தென்னிலங்கைப் பத்திரிகை வாசகருக்கு வவுணதீவு என்னும் பெயர் பரிச்சயமானதோ, 2018 நவம்பர் 30ஆந் திகதி அங்குள்ள காவலரணில் இரு பொலிசார் கொல்லப்பட்ட செய்தியினாலாகும். அங்கே குழந்தைகள் படிக்கின்றனர் என்பது செய்தியாவதில்லை.

மட்டக்களப்பு வழக்கிலே ஓர் அழகிய சொல் உண்டு. மனிதரையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் தட்டையான மிதவை ஓடத்தை அவர்கள் 'பாதை' என்பர். நீரின்மேல் நகர்வதே அவர்களுக்குப் பாதையாக இருந்தது. வலையிறவுப் பாலத்தினால் வவுணதீவு நகரத்தோடு இணைந்தது. தெற்கே கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக்கு மண்முனைப் பாலம் 2014 ஏப்பிரலில் திறக்கப்பட்டது. பாலமும் ஒரு தொழில்நுட்பமே. கணினியையும் கைத்தொலைபேசியையும் பற்றிப் பேசும் நம்மவர் இதனை அந்தப் பட்டியலிலே சேர்ப்பதில்லை. சேர்த்திருப்பின் மிகப் பயனுள்ள பாடம் ஒன்றைக் கற்றிருக்கலாம்.

பாலம் வந்தமையால் நோயாளி ஆஸ்பத்திரிக்கு விரைந்து செல்கிறார். நெல்லுக்குச் சந்தை அருகாகின்றது. அதனை எவரும் மறுக்கார். ஆனாற் கல்வியைப் பொறுத்தவரை பாலம் இரு திசையிலும் வேலை செய்கின்றது. நகரத்து ஆசிரியர் காலையில் வந்து பிற்பகலில் திரும்ப முடிகின்றது. ஊரிலே தங்கி, மாலையில் அண்ணாவியார் வீட்டுத் திண்ணையில் இருந்து பேசி, பிள்ளையின் வீட்டுநிலை அறிந்த ஆசிரியர் அருகிப் போகின்றார். மறுபுறம், சிறிது வசதியுள்ள பெற்றோர் தம் பிள்ளையை எழுவான்கரையின் பெரிய பாடசாலைக்கு அனுப்ப முடிகின்றது. எஞ்சுவோர் யார்? அறுவடைக் காலத்திலே தாயும் தகப்பனும் வயலிலிருக்க, தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள். பாடசாலை சிறுத்து, மாணவர் தொகை குறைந்து, 'மாணவர் இல்லை' என்ற காரணத்தாலேயே வளங்களும் குறைகின்றன. பாலத்தின்மீது இதில் எக்குற்றமும் இல்லை. சமனற்ற இரு கரைகளை ஒரு கருவி இணைக்கும்போது, வளம் இருக்கும் பக்கம் நோக்கியே ஓட்டம் அமைகின்றது என்பதுதான் செய்தி. இணையமும் ஒரு பாலமே.

2020 மார்ச் நடுப்பகுதியிலே கொரோனாத் தொற்றின் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டன. தொலைக்காட்சியிலே சிங்களத்தில் 'குரு கெதர', தமிழில் 'குருகுலம்' என நிகழ்ச்சிகள் வந்தன. கல்வி அமைச்சின் 'இ-தக்சலாவ' இணையத்தளம் இருந்தது. ஆனால் உண்மையிலே நாடெங்கும் பாடம் நடந்தது வட்ஸ்அப் குழுக்களில்தான். 2019ஆம் ஆண்டளவில் இந்நாட்டுக் குடும்பங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றிலேதான் மேசைக் கணினியோ மடிக்கணினியோ இருந்தது என அரசாங்கத்தின் கணக்கெடுப்பே கூறுகின்றது. ஆதலின் கைத்தொலைபேசியே வகுப்பறையாயிற்று. அத்தொலைபேசியும் பெரும்பாலும் தகப்பனுடையது. அவர் வயலுக்கோ கூலிக்கோ சென்றால் வகுப்பறையும் அவருடைய சட்டைப்பையில் ஏறிச் சென்றுவிடும். ஊவா மாகாணத்தின் போகிட்டியாவ என்னும் சிற்றூரில் மாணவரும் ஆசிரியரும் அலைவரிசை தேடிக் குன்றேறி மரமேறிய படங்கள் 2021இல் உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தன. கண்டோர் வியந்தனர், கல்வியின்மீது இவர்களுக்குத்தான் எத்துணை ஆர்வம் எனப் பாராட்டினர். வறுமையின் அவலத்தை ஆர்வத்தின் அழகாக மாற்றிக் காட்டும் இந்த ரசனை குறித்து முற்போக்கு இலக்கியம் அறுபதாண்டுகளாகப் பேசி வருகின்றது.

அக்காலத்திலே ஆசிரியர் பயன்படுத்திய தொலைபேசி எவருடையது? ஆசிரியருடையது. தரவுக் கட்டணம்? ஆசிரியருடையது. மாதாந்தச் சம்பளத்திலிருந்து தாமே உற்பத்திச் சாதனத்தை வாங்கி, தாமே அதற்குச் செலவிட்டு, அதன்மேல் அரசின் பணியை நடத்திய ஊழியர் இவர்கள். தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கோ அது நல்ல அறுவடைக் காலம்.

2021 யூலையிலே நிகழ்ந்தது இந்தப் பின்னணியில் வைத்து நோக்கத்தக்கது. கொத்தலாவலை பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலத்துக்கு எதிராகப் பாராளுமன்றத்தின் அருகே யூலை 8ஆந் திகதி ஆர்ப்பாட்டம் செய்த இலங்கை ஆசிரியர் சங்கச் செயலாளர் ஜோசப் ஸ்டாலின் உள்ளிட்டோர் கைது செய்யப்பட்டு, தனிமைப்படுத்தல் என்ற பெயரிலே முல்லைத்தீவுக்கு அனுப்பப்பட்டனர். அதனைக் கண்டித்தும், கால் நூற்றாண்டாகத் தீராதிருந்த சம்பள முரண்பாட்டை நீக்கக் கோரியும், யூலை 12 முதல் ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகினர். ஒக்டோபர் இறுதிவரை போராட்டம் நீடித்தது. இலங்கைக் கல்வி வரலாற்றிலே இது புதுமையான வேலைநிறுத்தம். பாடசாலை வாயில் மூடப்படவில்லை. அது ஏற்கனவே மூடிக் கிடந்தது. ஆசிரியர் தம் தொலைபேசியைக் கீழே வைத்தார். நாடு தழுவிய 'டிஜிட்டல் கல்வி' முழுவதும் ஒரே நாளில் நின்றது. இயந்திரம் என்று நாம் எதனைப் புகழ்ந்தோமோ அதன் அடியிலே இருந்தது மனித உழைப்பே என்பதை எந்தச் செயலமர்வும் இவ்வளவு தெளிவாக விளக்கியதில்லை.

அப்போராட்டம் நியாயமானது, அதனை நாம் ஆதரித்தோம், இன்றும் ஆதரிக்கிறோம். அதன்பொருட்டு ஓர் உண்மையை விழுங்கிவிடல் இடதுசாரி நேர்மையாகாது. அம்மூன்றரை மாதங்களிலும் நகரத்துப் பிள்ளைக்குத் தனியார் வகுப்பு இணையவழியே தொடர்ந்தது. படுவான்கரைப் பிள்ளைக்கு அரசாங்க ஆசிரியரைத் தவிர வேறு ஆசிரியர் இல்லை. வேலைநிறுத்தத்தின் விலையை அரசு கொடுக்கவில்லை. அதனை மிக அதிகமாகக் கொடுத்தவர் மிக வறியவர். இதற்காகப் போராட்டத்தைக் கைவிட்டிருக்க வேண்டுமா? இல்லை. ஆனால் ஒரு கோரிக்கை சேர்ந்திருக்க வேண்டும். ஆசிரியருக்கும் மாணவருக்கும் கருவியும் தரவும் அரசின் செலவில் வழங்கப்படல் வேண்டும் என்பதை, சம்பளக் கோரிக்கைக்குச் சமமான முழக்கமாக, வயற்புறப் பெற்றோரும் உடன் ஒலிக்கக்கூடிய முழக்கமாக, தொழிற்சங்கங்கள் முன்வைத்திருக்கலாம். சம்பளப் பிரச்சினையில் ஒரு பகுதி வெற்றி கிடைத்ததும் கருவி பற்றிய பேச்சு மீண்டும் செயலமர்வுகளின் கைக்கே போய்விட்டது. ஆங்கே எழுவாயற்ற வாக்கியங்கள் காத்திருந்தன.

இயந்திரத்தையும் இயந்திரத்தை மூலதனம் பயன்படுத்தும் முறையையும் வேறுபடுத்திக் காண்பதற்குத் தொழிலாளருக்குக் காலமும் அனுபவமும் தேவைப்பட்டன என்று, தறிகளை உடைத்த லடைட்டுகளைக் குறிப்பிட்டு, 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதற் பாகத்திலே மார்க்ஸ் விளக்குவார். நம் ஆசிரியரில் ஒரு சாரார் தறியை உடைப்பவர். அதாவது தொலைபேசியே மாணவனைக் கெடுத்தது என்பவர். மறு சாரார் தறியை வணங்குபவர். இருவரும் வேறுபடுத்திக் காணாதவரே. பேரு நாட்டிலே 'பிள்ளைக்கொரு மடிக்கணினி' என்னும் திட்டத்தின்கீழ் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் வழங்கப்பட்டன. 2012இல் வெளியான ஆய்வு, கணிதத்திலும் மொழியிலும் அப்பிள்ளைகளின் அடைவு உயர்ந்ததற்குச் சான்றில்லை என்று கூறியது. யுனெஸ்கோ 2023ஆம் ஆண்டு வெளியிட்ட உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை, கல்வியில் தொழில்நுட்பம் எவருடைய நிபந்தனைகளின்மேல் அமைகின்றது என்ற வினாவையே தன் தலைப்பாகக் கொண்டது. புரட்சிகர நிறுவனமல்லாத யுனெஸ்கோ கேட்கின்ற கேள்வியைக்கூட நம் மலர்க் கட்டுரைகள் கேட்பதில்லை.

நம் நாட்டிலும் கருவிகள் வராமலில்லை. 2013இல் உயர்தரத்திலே தொழில்நுட்பப் பிரிவு ஆரம்பிக்கப்பட்டது. அதே காலத்தில் மகிந்தோதய ஆய்வுகூடங்கள் ஆயிரம் பாடசாலைகளை நோக்கித் திட்டமிடப்பட்டன. திறப்புவிழாப் படம் பத்திரிகையில் வரும். மூன்றாம் ஆண்டில் பழுதான கணினியைத் திருத்தக் காசு எங்கே என்ற கேள்வி வராது. 2022 மார்ச்சிலே மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. காரணம், வினாத்தாள் அச்சிடக் கடதாசி இல்லை. கடதாசியே இல்லாத நாட்டிலே கடதாசியற்ற வகுப்பறை பற்றி உரையாற்றிய பெரியோரும் இருந்தனர். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்குக என்று 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம் மாதக்கணக்காகப் போராடியது. அப்போராட்டத்தில் முன்னின்ற விரிவுரையாளர்களுள் ஒருவராகிய ஹரிணி அமரசூரிய 2024இல் பிரதமராகவும் கல்வி அமைச்சராகவும் பதவியேற்றார். ஆதலின் அந்த 6 சதவீதத்தை நினைவூட்டுவது பகைமையன்று, தோழமைக் கடமை.

இனி, 'கருத்துப் பரிமாற்றம்' என்னும் சொல்லுக்கு வருவோம். இன்று ஆசிரியர் குழுக்களிலே பரிமாறப்படுவன யாவை? சுற்றறிக்கை, மாதிரி வினாத்தாள், வாழ்த்துப் படம், நிழற்பட ஆதாரம் அனுப்புமாறு மேலிடத்துக் கட்டளை. ஒருவர் அனுப்பியதை மற்றவர் மேலும் அனுப்புகின்றார். இது விநியோகம், பரிமாற்றமன்று. 'என் வகுப்பிலே இப்பாடம் தோற்றது, ஏன்?' என்று ஓர் ஆசிரியர் கேட்பது அரிது. கேட்டால் அக்குழுவில் இருக்கும் அதிகாரி அதனை வாசிப்பார் என்ற அச்சம் ஒரு காரணம்.

பிரான்சு தேசத்திலே செலஸ்தென் ஃப்ரெனே என்றோர் ஆரம்பப் பாடசாலை ஆசிரியர் இருந்தார் (1896–1966). முதலாம் உலகப் போரில் நுரையீரலிற் காயமுற்றவர். வகுப்பிலே நெடுநேரம் உரத்துப் பேச இயலாதவர். தெற்குப் பிரான்சின் பார்-சூர்-லூ என்னும் சிற்றூரிலே, 1924 அளவில், ஒரு சிறிய அச்சுப்பொறியை அவர் வகுப்பறைக்குள் கொண்டுவந்தார். பிள்ளைகள் தம் ஊரைப் பற்றி, தாம் கண்டதைப் பற்றித் தாமே எழுதினர், தாமே எழுத்துக் கோத்தனர், தாமே அச்சிட்டனர். அத்தாள்கள் தொலைவிலுள்ள வேறொரு பாடசாலைக்குத் தபாலிற் சென்றன. அங்கிருந்து அவர்கள் அச்சிட்டவை இங்கு வந்தன. இதனைக் கைக்கொண்ட ஆசிரியர்கள் 1920களின் இறுதியிலே ஒரு கூட்டுறவுச் சங்கமாக இணைந்து, கருவிகளையும் பாடப் பொருள்களையும் தமக்குள்ளே உற்பத்தி செய்தனர். அன்றைய நிலையிலே அச்சுப்பொறியும் 'நவீன தொழில்நுட்பமே'. வேறுபாடு என்னவெனில், ஃப்ரெனே அதனை அறிவை இறக்கும் குழாயாகக் கொள்ளவில்லை. ஏழைப் பிள்ளை தன் உலகைத் தானே கூறுவதற்கான கருவியாகக் கொண்டார். பொதுவுடைமையாளரான அவருக்கு எதிராக ஊர்ப் பிரமுகர்கள் கிளர்ந்தமையும், அவர் அரசாங்கப் பாடசாலையை விட்டு நீங்கி 1935இல் வான்ஸ் என்னுமிடத்திலே தம் சொந்தப் பாடசாலையைத் திறந்தமையும் வரலாறு. ஓர் அச்சுப்பொறி பிரமுகர்களைக் கலவரப்படுத்தியது. நம் திறன் வகுப்பறைகள் எந்தப் பிரமுகரையும் கலவரப்படுத்தியதாகத் தெரியவில்லை. அவர்களே வந்து நாடா வெட்டுகின்றனர்.

நம்மிடம் இத்தகைய முயற்சி அறவே இல்லை என்று கூறுதல் தவறு. 2004இல் கொழும்பிலிருந்து தெ. மதுசூதனன் ஆசிரியப் பொறுப்பிலே வெளிவரத் தொடங்கிய 'அகவிழி' என்னும் சஞ்சிகை, ஆசிரியருக்காகத் தமிழிலே தீவிரமான கல்விச் சிந்தனையைப் பல ஆண்டுகள் சுமந்தது. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத் திட்டம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் எண்ணிமப்படுத்தி எவரும் கட்டணமின்றி வாசிக்க வைத்திருக்கின்றது. தொழில்நுட்பத்தின் சனநாயகப் பயன்பாட்டுக்கு இதனைவிட நல்ல சான்று நம் மொழியில் அதிகமில்லை. ஆயின், 'அகவிழி' போன்ற முயற்சிகளிலே பெரும்பாலும் பேசியவர் பேராசிரியரும் கல்வியியலாளரும்; வகுப்பறை ஆசிரியர் வாசகராகவே நின்றார். நீலாவணன், எஸ். பொன்னுத்துரை, வ. அ. இராசரத்தினம் என்று கிழக்கிலங்கை இலக்கியத்தை ஆக்கியோர் பலர் பாடசாலை ஆசிரியரே. கவிதையும் கதையும் எழுதத் தயங்காத அக்கை, தன் தொழிலைப் பற்றி எழுதத் தயங்குவானேன்?

அத்தயக்கத்தின் விளைவு அண்மையிலே வெளிப்பட்டது. 2025ஆம் ஆண்டின் முடிவிலே, புதிய சீர்திருத்தத்துக்கான ஆறாந்தர ஆங்கிலப் பாட அலகிலே தகாத இணையத்தளம் ஒன்றின் முகவரி இடம்பெற்றிருந்தமை தெரியவந்தது. 2026 ஜனவரியிலே ஆறாந்தரச் சீர்திருத்தம் ஓராண்டு ஒத்திவைக்கப்பட்டது. எதிர்க்கட்சிகள் ஒழுக்கக் கூச்சல் எழுப்பின. பெண் அமைச்சர் ஒருவர்மீது வசை பொழிந்தன. அக்கூச்சலிலே அமிழ்ந்துபோன கேள்வி ஒன்று உண்டு. அவ்வலகுகளைக் கற்பிக்கவேண்டிய கிராமப்புற ஆசிரியர், அச்சேறுமுன் அவற்றை வாசித்துக் கருத்துரைக்கும் ஏற்பாடு இருந்ததா? நூறு வகுப்பறை ஆசிரியர் முன்கூட்டியே படித்திருப்பின் ஓர் இணைய முகவரியை ஒருவராவது திறந்து பார்த்திருப்பார். அம்முகவரியைவிடப் பெரிய குறைகளையும் கண்டிருப்பார்.

மொழிப் பிரச்சினை இதனோடு பிணைந்தது. காரைதீவிலே 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானம் கற்றவர், கற்பித்தவர் என்பதை மறந்து, முத்தமிழ் முனிவர் என்ற பட்டத்துக்குள் அவரை அடக்கிவிட்டோம். 1929இல் கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தை நிறுவிய அவரே 1936இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். விஞ்ஞானம் தமிழிலே பயிலப்படாவிடின் அது சிலருடைய உடைமையாகவே இருக்கும் என்பதே அம்முயற்சியின் உட்கிடை. இன்று செயற்கை நுண்ணறிவு வந்துள்ளது. 2024இல் மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் துணையோடு சில பாடசாலைகளில் அதனைப் பரீட்சார்த்தமாகக் கற்பிக்க இலங்கை அமைச்சரவை அனுமதி வழங்கியது. அக்கருவி ஆங்கிலத்திலே ஆற்றொழுக்காகப் பேசும், தமிழிலே தடுமாறும், படுவான்கரையின் வயற் சொல்லையும் வாவிச் சொல்லையும் கேட்டால் திகைக்கும். எழுதப்பட்ட தமிழ் குறைவாக இருப்பதே அதற்குக் காரணம். எனவே அக்கருவியை எப்படிப் பயன்படுத்துவது என்று மட்டும் ஆசிரியருக்குப் பயிற்சி அளிப்பது பாதி வேலை. அக்கருவி எதனைத் தின்று வளர்கின்றதோ அதனை எழுத வேண்டியவரும் அவர்தாம். அவ்வெழுத்து எவருடைய உடைமையாகும் என்று கேட்க வேண்டியவரும் அவர்தாம்.

கன்னன்குடா கூத்துக்குப் பேர்பெற்ற ஊர். அங்கே அண்ணாவியார் எழுத்தறிவு அதிகமில்லாத உழவரையும் மாதக்கணக்கிலே பழக்கி, தாளமும் பாட்டும் ஆட்டமும் ஒருங்கே வரச் செய்து களரி ஏற்றுவார். கூத்துக் கொப்பி கையிலிருக்கும். ஆனால் அது ஆளுக்கேற்ப, ஊருக்கேற்ப மாறும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிலே பேராதனையில் இக்கூத்தைப் பல்கலைக்கழக மேடையேற்றியபோது, 1964இல் இராவணேசனாக ஆடிய சி. மௌனகுரு, இலவசக் கல்வியின் பயனாகக் கிழக்கிலே எழுந்த வந்தாறுமூலை மத்திய கல்லூரியின் மாணவர். கன்னங்கரா அறிக்கை 1943இல். இலவசக் கல்வி 1945இல். நிலமற்றவனுடைய மகனுக்கும் பல்கலைக்கழக வாயிலைத் திறந்த அத்திட்டத்திலே எந்தப் பளபளப்பான கருவியும் இருக்கவில்லை. பாடசாலையும் ஆசிரியரும் விடுதியும் பகல் உணவும் இருந்தன.

2025 நவம்பர் இறுதியிலே டித்வா புயல் இந்நாட்டைத் தாக்கியபோது பல பிரதேசங்களில் மின்சாரம் நின்றது. கைத்தொலைபேசிக் கோபுரங்கள் ஓய்ந்தன. வீதிகள் நீரில் மூழ்கின. அத்தகைய நாட்களில் எந்தப் பிள்ளை எந்த வீட்டில் இருக்கின்றது, எவருடைய கொப்பி நனைந்தது என்பதை அறிந்திருப்பது அவ்வூர் ஆசிரியர் ஒருவரே. படுவான்கரை ஆசிரியர்கள் தமக்குள்ளே கூடி அடுத்த செயலமர்வுக்குத் தலைப்புத் தெரிவார்களாயின், அந்தக் கொப்பிகளின் கணக்கை எடுத்துக்கொண்டு வரட்டும். எவருக்குத் தொலைபேசி உண்டு, எவருக்கு இல்லை, எந்த ஊரில் அலைவரிசை எங்கே அறுகின்றது, ஒரு மாதத் தரவுக்குத் தம் சம்பளத்தில் எவ்வளவு போகின்றது என்று அவர்களே எழுதிய ஒரு தாள் வலயக் கல்வி அலுவலகத்தின் மேசைக்கும் தொழிற்சங்கத்தின் மேசைக்கும் ஒரே நாளிற் செல்லட்டும். அதனை அச்சிட நம் பக்கங்களில் இடம் உண்டு.